ஐந்து நாட்டு வகுப்பறை, ஒரு டப்பிங் அறை

டப்பிங் வசனம் எழுதுகிறவனுக்கு மொழி தெரிந்தால் மட்டும் போதாது, உதடு தெரிய வேண்டும். திரையில் இருக்கிறவன் வாயை மூடும்போது நம் வார்த்தையும் மூட வேண்டும். அவன் வாய் திறந்தபடி நிற்க, நாம் 'ம்' என்று முடித்துவிட்டால் தியேட்டரில் சிரித்துவிடுவார்கள். கோடம்பாக்கத்தில் பல வருடங்களாக எனக்கு இதுதான் பிழைப்பு. தெலுங்குக் கதாநாயகர்கள், ஹிந்தி சீரியல் மாமியார்கள், சோப்பு விளம்பரத்து அம்மாக்கள் என்று எல்லோருக்கும் தமிழ் கொடுத்திருக்கிறேன்.

சமீபத்தில் பள்ளிக்கூடங்களுக்குத் தமிழ் கொடுக்கிற வேலை ஒன்று வந்தது. உடம்பு, பருவ வயது, பாலுறவு நலம் இவற்றை எந்த நாட்டு அரசுப் பள்ளியில் எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டும் படங்கள். "அந்தப் பாடத்தை வீட்டில் படிச்சுக்குங்க" என்று வாத்தியார் பக்கத்தைத் தள்ளிவிட, வீட்டில் யாரிடமும் கேட்க முடியாமல், கடைசியில் ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் ஏதோ ஓர் அரைகுறையிடம் பாடம் கேட்டு வளர்ந்த என் சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

உலகத் தரம்

அடையாறில் ஓர் அறக்கட்டளை. நகரத்தில் சில பள்ளிகளை நடத்துகிறது. அதன் செயலாளரை வைத்தி சார் என்று வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர்க்காரர், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த விவகாரத்தில் கெட்டவன் என்று பார்த்தால் ஒரே ஒருவன்தான். மற்ற எல்லோரும் நல்லவர்கள். வயிறு எரிவதே அதனால்தான்.

நெதர்லாந்து, ஜப்பான், அமெரிக்கா, இங்கிலாந்து என்று நான்கு நாட்டுப் படங்களை முறைப்படி உரிமை வாங்கி வைத்திருந்தார்கள். ஐந்தாவதாக இந்தியாவை நாங்களே எடுத்துச் சேர்க்க வேண்டும். அவர்களுடைய பள்ளிகளில் ஏழாம் வகுப்பிலிருந்து போட்டுக் காட்டுவதாகத் திட்டம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மாமியார்களுக்கு எழுதி எழுதிக் கை அலுத்திருந்த நேரம். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்டேன்: "சார், வார்த்தைகளை உள்ளது உள்ளபடி போடலாமா?" வைத்தி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பேஷா போடுங்கோ. வேர்ல்ட் ஸ்டாண்டர்டா இருக்கணும். ஆனா ஆத்துல எல்லாரும் ஒண்ணா ஒக்காந்துண்டு பாக்கறாப்ல இருக்கணும். அதை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்கோ."

வில்லனுக்குக் கூச்சம்

நெதர்லாந்துப் படத்தில் ஒரு டாக்டர் வருவார். கம்பீரமான குரல் வேண்டும். எங்கள் வட்டாரத்தில் வில்லன் குரலுக்கென்றே ஒருவர் இருக்கிறார். அவர் சிரிப்பைக் கேட்டாலே கதவைத் தாழ்ப்பாள் போடத் தோன்றும். கதாநாயகனின் தங்கையைத் துரத்துகிற காட்சி என்றால் தயாரிப்பாளர்கள் இவரைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனை தங்கைகளைத் துரத்தியிருக்கிறார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அந்தக் காட்சிகளில் அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டு நானே காதைப் பொத்திக்கொண்டிருக்கிறேன்.

மைக் முன்னால் நின்றார். வசனத்தாளைப் படித்தார். 'விந்து' என்ற இடத்தில் புருவம் உயர்ந்தது. 'மாதவிடாய்' என்ற இடத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். டாக்டர் பேசுகிற பேச்சுதான், ஆஸ்பத்திரியில் எல்லோரும் பேசுவதுதான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, நானும் பொண்ணு பெத்தவன். இந்த மாதிரி அசிங்கத்தையெல்லாம் என் வாயால சொல்ல வெக்காதீங்க."

நெதர்லாந்து: மூக்கு, முழங்கால், மற்றவை

கடைசியில் டாக்டருக்கு எங்கள் சவுண்ட் இன்ஜினியர் பாஷா பாயே குரல் கொடுத்தார். குழந்தைகளுக்கு ஸ்டெல்லா. பெயரை மாற்றியிருக்கிறேன், காரணம் பின்னால் தெரியும். நொச்சிக்குப்பத்துப் பெண், வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, குரல் மட்டும் ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. விளம்பரங்களில் "மம்மி, இன்னும் ஒண்ணு" என்று பிஸ்கட் கேட்கிற குழந்தைகளில் பாதிப் பேர் ஸ்டெல்லாதான்.

நெதர்லாந்து வகுப்பில் சின்னஞ்சிறு குழந்தைகள். டீச்சர் ஒரு பையன் படத்தையும் ஒரு பெண் படத்தையும் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்கிறார். மூக்கு, முழங்கால் என்று சொல்கிற அதே குரலில் மற்றதையும் சொல்கிறார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நமக்குத்தான் திண்டாட்டம். தமிழில் இதற்குத் தெருவில் இருக்கிற வார்த்தைகள் எல்லாம் சண்டைக்குப் போகிற வார்த்தைகள். பாடப் புத்தகத்தில் இருப்பதோ கல்வெட்டு. நடுவில் ஒன்றுமே இல்லை. 'பிறப்புறுப்பு' என்று எழுதினேன். அந்தப் பையன் சொல்வது சின்னச் சொல். நம் 'பிறப்புறுப்பு' முடிவதற்குள் அவன் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறான்.

ஸ்டெல்லா அசரவில்லை. அந்த நீள வார்த்தையை ஒரே மூச்சில் ஓடவிட்டு, நொண்டாமல், குழந்தை சொன்ன மாதிரியே சொல்லி முடித்தாள். அவளுக்கு ஒரே மகள், மெர்சி. இதுவும் நான் வைத்த பெயர்தான். வைத்தி சாரின் அறக்கட்டளை நடத்துகிற மயிலாப்பூர்ப் பள்ளியில், கட்டணச் சலுகையில், ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். "உன் பொண்ணுக்கு நீயே டீச்சர், ஸ்டெல்லா. வேற என்ன வேணும்?" என்றேன். அவள் ஹெட்போனை மாட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மைக்குக்கு முன்னாடின்னா அந்தக் கொயந்த பேசுது சார். வூட்ல நான்ல பேசணும்? வாயே வர்ல. அதான் இந்தப் படம் சீக்கிரமா ஸ்கூலுக்குப் போவணும்னு மாதாவ வேண்டிக்கினு கீறேன்."

ஜப்பான்: சந்திப்பு எங்கே?

ஜப்பான் படம் கமிட்டிக்கு மிகவும் பிடித்துப்போனது. கமிட்டி என்றால் வைத்தி சார், மயிலாப்பூர்ப் பள்ளி பிரின்சிபால் மேடம், தலையாட்ட இன்னும் சிலர். ஜப்பானில் எல்லாம் ஒழுங்கு. கருமுட்டையை அழகாக வரைந்து காட்டுகிறார் டீச்சர். விந்தணுவையும் வரைந்து காட்டுகிறார். அதற்கடுத்த படத்தில் குழந்தை வயிற்றுக்குள் கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருக்கிறது. இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்பதை அந்த வயதில் சொல்ல வேண்டியதில்லை என்று அங்கே பாடத்திட்டமே வேலி போட்டிருக்கிறதாம். படத்திலேயே ஒரு ஜப்பான்காரப் பெண் இதைப் பற்றி வருத்தமாகப் பேசுகிறார். அந்தப் பகுதி எங்கள் கமிட்டியின் காதில் விழவில்லை.

"பாத்தேளா, எவ்ளோ முன்னேறின தேசம், எவ்ளோ நாசூக்கு" என்று வைத்தி சார் உருகினார். பிரின்சிபால் மேடம் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு ஆமோதித்தார். அவர்கள் கார் கிளம்பிப் போன பிறகு பாஷா பாய் அந்த இரண்டு படங்களையும் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏண்ணே, ரெண்டும் எங்கதான் மீட் பண்ணிச்சாம்? சென்ட்ரல் ஸ்டேஷன்லயா?"

பாவாடை தாவணி

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டெல்லா தி.நகர் போய்விட்டு வந்தாள். கையில் பெரிய கட்டைப் பை. உள்ளே மயில் கழுத்து நிறத்தில் பட்டுப் பாவாடையும் தாவணியும். எனக்கும் பாஷா பாய்க்கும் பிரித்துக் காட்டினாள். மெர்சி இன்றைக்கோ நாளைக்கோ வயசுக்கு வரப் போகிறாளாம். சனிக்கிழமை ஆனால் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்கிறாளாம். அன்றைக்குப் பள்ளியில் கணக்குக்கு ஸ்பெஷல் கிளாஸ். அதற்குக்கூடப் போக முடியவில்லையாம். உளுந்தங்களி கிண்டிப் போடுகிறேன், நல்லெண்ணெயில் முட்டை ஊற்றிக் கொடுக்கிறேன் என்றாள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பெண் அழுகிறதாம்.

எனக்குக் கோபம் வந்தது. ஸ்டெல்லாவின் மேல் இல்லை, நம் எல்லோர் மேலும். ஒரு பெண் வயசுக்கு வந்தால் நாம் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். அவள் படத்தைப் போட்டு, தாய்மாமன் படத்தைப் போட்டு, வட்டச் செயலாளர் படத்தையும் போட்டு ஊருக்கே சொல்கிறோம். அவள் உடம்பில் நடப்பது என்ன என்று அவளிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. "வயித்து வலி ஏன்னு அவகிட்ட உக்காந்து கேட்டியா?" என்றேன். ஸ்டெல்லா பாவாடையின் சரிகையைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"இன்னாத்தக் கேக்கறது சார்? எங்கம்மா என்னக் கேட்டுச்சா? நேரம் வந்தா தானா தெரிஞ்சிக்கினு போவுது. படம் வேற வருது இல்ல?"

அமெரிக்கா: ஒட்டாத டேப்

அமெரிக்காவில் இந்த விஷயத்தில் மாநிலத்துக்கு ஒரு நியாயம். படத்தில் இரண்டு வகுப்புகள். ஒன்றில் டீச்சர் மேஜை மேல் ஆணுறையையும் கருத்தடை மாத்திரையையும் வைத்துக்கொண்டு, சாக்பீஸைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார். இன்னொன்றில் கல்யாணம்வரை காத்திருங்கள் என்பதுதான் மொத்தப் பாடமும். அதை விளக்க ஒரு துண்டு செல்லோடேப்பை எடுத்து ஒரு பையன் கையில் ஒட்டிப் பிய்க்கிறார், அடுத்தவன் கையில் ஒட்டிப் பிய்க்கிறார். கடைசியில் அது எதிலும் ஒட்டுவதில்லை. இதுதான் கெட்டுப்போன பெண் என்று அந்த டேப்பைத் தூக்கிக் காட்டுகிறார்.

முதல் வகுப்பை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. டேப் வகுப்பு மட்டும் இருக்கட்டும், அருமையான உதாரணம் என்றார்கள். ஒப்பீடு என்றால் இரண்டையும் காட்ட வேண்டும் என்று வாதாடினேன். "ஒப்பிட்டுப் பாத்துதான் இது தேவலைன்னு எடுத்துண்டிருக்கோம்" என்றார் வைத்தி சார். அந்த வகுப்பில் ஒரு மாணவிக்குக் குரல் கொடுக்க ஸ்டெல்லா காத்திருந்தாள். டேப் கை மாறிக் கை மாறிப் போவதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்:

"இன்னா சார் இது, டேப்பு மட்டும்தான் கெட்டுப்போச்சா? ஒட்டிப் பாத்த கைங்களுக்கெல்லாம் ஒண்ணியும் ஆவலயா?"

இங்கிலாந்து: ஒரே டேக்

இங்கிலாந்துப் படத்தில்தான் அந்தக் காட்சி. பதினோரு வயதுப் பெண் ஒருத்தி வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் வருகிறாள். "அந்த அங்கிள் என் மார்பில் கை வைக்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்" என்கிறாள். டீச்சர் குனிந்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, "சொன்னது நல்லது. உன் மேல் தப்பே இல்லை. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அவ்வளவுதான் காட்சி. பின்னணி இசைகூடக் கிடையாது.

'மார்பு' என்றே எழுதினேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். 'மா'வுக்கு வாய் மூடித் திறக்கிறது, அந்தப் பெண்ணின் உதட்டுக்கும் அழகாகப் பொருந்தியது. ஸ்டெல்லா ஒரே டேக்கில் முடித்தாள். முடித்துவிட்டு வெளியே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தாள். பாஷா பாய் மைக்கில் "என்னாச்சும்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல பாய். எனுக்கு சின்ன வயசுல இப்டி யாராச்சும் சொல்லிக் குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

பெற்றோர் உரிமை

தி.நகரில் ஒரு மண்டபத்தில் பெற்றோருக்கு முன்னோட்டம் காட்டினார்கள். அம்மாக்கள் முன் வரிசை, அப்பாக்கள் பின் வரிசை. இங்கிலாந்தில் பெற்றோருக்கு ஓர் உரிமை உண்டு: பாலுறவு பற்றிய பகுதிக்கு மட்டும் என் பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று பள்ளியிடம் கேட்டுக்கொள்ளலாம். படத்தில் அது ஒரு வரியில் வந்து போகிறது. மொத்தப் படத்திலும் நம் ஆட்கள் எழுந்து உட்கார்ந்து கவனித்தது அந்த ஒரு வரியைத்தான்.

விளக்கு போட்டதும் ஓர் அப்பா எழுந்தார். ஒரு பையன், ஒரு பெண், இரண்டு பேரும் இங்கேதான் படிக்கிறார்கள் என்றார். இங்கிலாந்துக்காரன் கொடுத்த உரிமை நமக்கு உண்டா இல்லையா என்று கேட்டார். யாருக்காகக் கேட்கிறீர்கள், பையனுக்கா பெண்ணுக்கா என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"பையன் செல்போன்ல எல்லாத்தையும் பாத்துட்டான் சார், அவனுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. பொண்ணுக்குத் தெரிய வேணாம், அவ்ளோதான் நான் கேக்கறது."

நடக்காத விஷயம்

பெற்றோர் கலைந்த பிறகு கமிட்டி உட்கார்ந்தது. பிரின்சிபால் மேடம் நிதானமாகப் பேசுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. 'பிறப்புறுப்பு' வருகிற இடமெல்லாம் 'அந்த இடம்' என்று மாற்ற வேண்டும். இங்கிலாந்துக் காட்சியில் 'மார்பு' கூடாது, அந்தப் பெண் "அங்கிள் என்னிடம் சரியாக நடந்துகொள்வதில்லை" என்று சொன்னால் போதும் என்றார்.

"மேடம், அங்கிள் ஒரு சாக்லேட்டைப் பிடுங்கிக்கிட்டாக்கூட அது சரியா நடந்துக்காததுதான். குழந்தைக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?" என்றேன். வைத்தி சார் என் கையைத் தட்டிக்கொடுத்தார், உணர்ச்சிவசப்படாதீங்கோ என்கிற மாதிரி. மேடம் புன்னகை மாறாமல் சொன்னார்:

"எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி எல்லாம் நடக்காது சார். நடக்காத விஷயத்துக்கு வார்த்தையைக் கத்துக் குடுத்து, நாமே ஏன் குழந்தைங்க மனசைக் கெடுக்கணும்?"

கச்சிதமான பொருத்தம்

மறுபடி ஒலிப்பதிவு. ஸ்டெல்லா மைக் முன்னால் வந்து நின்றாள். நெதர்லாந்துக் குழந்தைகள் மூக்கு என்றார்கள், முழங்கால் என்றார்கள், பிறகு 'அந்த இடம்' என்றார்கள். நான் மண்டையை உடைத்துக்கொண்டும் உட்காராத உதட்டில் 'அந்த இடம்' போய்ச் சிக்கென்று உட்கார்ந்துகொண்டது. பாஷா பாய் ஓட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அண்ணே, நம்ம சர்வீஸ்லயே இவ்ளோ கரெக்டா லிப் விழுந்தது இல்லண்ணே."

இந்தியா: இசை மட்டும்

ஐந்தாம் நாட்டுக்கு அடையாறு பள்ளியில் படம் பிடித்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று கை கழுவினார்கள். நகம் வெட்டிக் காட்டினார்கள். மரத்தடியில் யோகா செய்தார்கள். கடைசியில் ஒரு தாமரைப் பூ மெல்ல விரிந்தது. இதற்கு என்ன வசனம் எழுதுவது, நம் நாட்டில் இந்தப் பாடத்தை எப்படிச் சொல்லித் தருகிறோம் என்று எழுதுவது என்று வைத்தி சாருக்கு போன் போட்டேன். அவர் சொன்னார்:

"நம்மளப் பத்தி நாமளே என்ன சொல்லிக்கறது? வீணை மியூசிக் போட்டு முடிச்சுடுங்கோ."

எந்த இடம்?

படம் மயிலாப்பூர்ப் பள்ளியில் ஓடியது. மெர்சி அம்மாவின் குரலை அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "'அந்த இடம்' 'அந்த இடம்'னு சொன்னியே, எந்த இடம்மா?" என்று கேட்டாளாம். ஸ்டெல்லாவுக்கு வாய் வரவில்லை. மறுநாள் ஸ்டுடியோவுக்கு வந்ததும் நேராக பாஷா பாயிடம் போனாள். கட் பண்ணுவதற்கு முந்தின படம் இருக்கிறதா, அந்த இங்கிலாந்துப் பொண்ணு பேசுவது இருக்கிறதா என்று கேட்டாள். வாடிக்கையாளர் படத்தை வெளியே கொடுப்பது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். பாஷா பாய் என்னைப் பார்த்தார். நான் டீ குடிக்க வெளியே போனேன். திரும்பி வரும்போது படம் ஸ்டெல்லாவின் போனுக்குப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் மகள் கையில் போனைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்காரவும் தைரியமில்லாமல், வாசலில் போய்ப் பாத்திரம் கழுவியிருக்கிறாள். கழுவி முடித்து உள்ளே வந்தபோது மெர்சி அந்த ஒரு காட்சியை மட்டும் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தாள். "உன் மேல் தப்பே இல்லை" என்று அந்த டீச்சர் சொல்கிற இடத்தை. பிறகு போனை வைத்துவிட்டு அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கிற கணக்கு சாரைப் பற்றி.

மறுநாள் ஸ்டெல்லா என்னிடம் வந்து நின்றாள். அழுது முடித்த முகம்.

"அவளுக்கு வந்தது வயித்து வலி இல்ல சார். நான் களி கிண்டிப் போட்டுக்கினு இருந்திருக்கேன்."

பிரின்சிபால் அறை

கூட வரச் சொன்னாள், போனேன். போலீசுக்குப் போகும் முன் பள்ளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். விஷயம் கணக்கு சாரைப் பற்றி என்று ஸ்டெல்லா சொன்னதும், மேடம் எல்லாருக்கும் தண்ணீர் வரவழைத்தார். மெர்சியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கனிவாகத்தான் கேட்டார்: "பயப்படாம சொல்லும்மா. சார் என்ன பண்ணாரு?" மெர்சி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, இங்கிலாந்துப் பெண் டீச்சரிடம் சொன்ன அதே தெளிவோடு சொன்னாள்: "சார் என் மார்புல கை வைக்கிறார் மிஸ். எனக்குப் பிடிக்கல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னார்."

மேடம் குனிந்து அவள் உயரத்துக்கு உட்காரவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் இருந்த கனிவு வடிந்துவிட்டது. "ஏழாவது படிக்கிற பொண்ணு பேசற பேச்சா இது? இந்த வார்த்தையெல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்றார். எங்கே நடந்தது, எத்தனை நாளாக, வேறு எந்தப் பிள்ளைக்காவது நடந்ததா, இதில் ஒன்றையும் கேட்கவில்லை. மெர்சி தலை குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையை என்னால் மறக்க முடியவில்லை. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். வீட்டில் வாயே வராது என்று சொன்னவளுக்கு அங்கே வந்தது. "நான்தான் மேடம் சொல்லிக் குடுத்தேன். உங்க படத்துல வந்த வார்த்தைதான், என் கொரல்ல வந்ததுதான்" என்றாள். மேடம் அதிர்ந்துபோனார். அத்தனை நாளில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான்.

"அதைத்தான் கட் பண்ணச் சொல்லிட்டோமே!"

❖

மகளிர் காவல் நிலையத்தில் இருந்த எஸ்.ஐ. பெண்மணி, மெர்சி சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார், முகம் சுளிக்கவில்லை. கணக்கு சார் கைதாகி ஜாமீனில் வந்துவிட்டார், வழக்கு நடக்கிறது. மெர்சி இப்போது வேறு பள்ளியில் படிக்கிறாள். பாவாடை தாவணி பிரித்த பையிலேயே இருக்கிறது. வைத்தி சார் நல்ல மனிதர் என்று சொன்னேன் இல்லையா, படம் சிறப்பாக வந்ததற்கு எனக்கும் பாஷா பாய்க்கும் பொன்னாடை போர்த்தினார். ஸ்டெல்லாவைக் கூப்பிடவில்லை.

ஆக, ஐந்து நாட்டுப் பள்ளிக்கூடங்களையும் உதட்டுக்கு உதடு ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: மற்ற நாடுகளில் பிள்ளைகளுக்கு எந்த வயதில் சொல்லலாம் என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள், நம் ஊரில் எந்த வயதிலும் சொல்லிவிடாதே என்பதில் எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம்.